மூன்று மில்லிமீட்டருக்கும் சிறிய ரத்தினக்கற்களைக் குச்சியில் உறுதியாக ஒட்டிப் பட்டை தீட்டுவது எப்படி?

பட்டை தீட்டப் பழகுபவர்களுக்கு ஆறு, ஏழு மில்லிமீட்டர் கற்களில் ஓரளவு கை படிந்ததும், பெட்டியின் அடியில் சேர்ந்து கிடக்கும் சிறு துண்டுகளின் மீது ஆசை பிறக்கும். பெரிய கல்லுக்குச் செய்ததையே சிறிய கல்லுக்கும் செய்தால் போதும் என்று நம்பி உட்காருவார்கள். சாணையில் வைத்த சில நொடிகளிலேயே கல் குச்சியை விட்டுக் கழன்று கண்காணாத இடத்துக்குப் பறந்துவிடும். நான் முதன்முதலில் எடுத்த நான்கு சிறிய கார்னெட் கற்களில் மூன்றை இப்படித்தான் இழந்தேன். மூன்று முறையும் சாணையைக் குறை சொன்னேன். உண்மையில் மூன்று முறையும் தவறு அதற்கு முன்பே, ஒட்டும்போதே நடந்திருந்தது. ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி கல் சாணையைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடலாம். கல்லை ஒட்டிப் பிடிக்கும் ‘டாப்’ (dop) எனும் குச்சியின் நுனி முகம், கல்லின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கம். 6 மி.மீ. கல்லுக்கு 4 மி.மீ. முகமுள்ள குச்சியை எடுத்தால் ஒட்டும் பரப்பு சுமார் 12.6 சதுர மில்லிமீட்டர். 2 மி.மீ. கல்லுக்கு 1.3 மி.மீ. முகம்தான் எடுக்க முடியும். அதன் பரப்பு 1.3 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். கல்லின் அகலம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தபோது பிடிமானம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. ஆனால் நம் கை அழுத்தும் அழுத்தமோ, பழக்கத்தின் காரணமாக, அப்படியே இருக்கிறது. எடையையும் எண்ணிப் பாருங்கள். 2 மி.மீ. அகலமுள்ள வட்ட வைரம் ஏறத்தாழ 3 சென்ட், அதாவது 0.03 காரட், வெறும் 6 மில்லிகிராம். புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டுப் பசை அந்தக் கல்லைவிட எடை கூடியது. பசையைச் சொட்டாக விடும் பழக்கத்தை இந்த அளவில் முற்றிலும் மறந்துவிட வேண்டும்.

குச்சியைத் தேர்ந்தெடுத்தல்

பித்தளைக் குச்சி எளிதில் கடையக்கூடியது, வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். ஆனால் நுனி மெலியும்போது அது வளையத் தொடங்குகிறது. ஒரு கம்பியின் விட்டம் பாதியானால் அதன் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும், அதனால் 1.3 மி.மீ. கழுத்து நீளமாக இருந்தால் கல் சாணையைத் தொடும்போது கண்ணுக்குத் தெரியாமல் கழுத்து வளைந்துகொடுக்கும், பட்டைகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டிய முனைகளில் சந்திக்காது. கோணமானி சரியில்லை என்று பலர் கருவியைக் கழற்றிப் பார்ப்பது இந்தக் கட்டத்தில்தான். மெல்லிய பகுதி இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் நீளமே இருக்கட்டும். அதற்குப் பின் குச்சி கூம்புபோல் பருத்து முழுத் தடிமனுக்குப் போய்விட வேண்டும். எஃகுக் குச்சி கிடைத்தால் இந்த அளவுக்கு அதுவே மேல்.

குச்சியின் முகம் தீட்டி முடித்த கல்லின் அகலத்தைவிட நிச்சயமாகச் சிறியதாக இருக்க வேண்டும். கரட்டுக் கல்லின் அகலத்தைப் பார்த்துக் குச்சியை எடுப்பது புதியவர்கள் செய்யும் பொதுவான பிழை. இடுப்பை, அதாவது கல்லின் அகன்ற சுற்று விளிம்பை, வெட்டும்போது கல் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் சாணை குச்சியின் உலோகத்தையே தொட்டுவிடும். மெருகுத் தட்டில் பித்தளைத் துகள் ஒருமுறை படிந்துவிட்டால் அதைச் சுத்தம் செய்வதற்குள் பொறுமை தீர்ந்துவிடும்.

குச்சியின் முகத்தை ஒட்டுவதற்கு முன் 400 எண் உப்புத்தாளில் (எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். கையால் பிடித்துத் தேய்த்தால் விளிம்பு உருண்டுவிடும்; 'வி' வடிவப் பள்ளமுள்ள கட்டையில் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, சமமான கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் மெதுவாக இழுத்தால் முகம் மட்டமாகவே இருக்கும். தேய்த்த பிறகு அசிட்டோனில் கழுவுங்கள். அதற்குப் பிறகு அந்த முகத்தை விரலால் தொடக் கூடாது.

கல்லைத் தயார்படுத்துதல்

சிறு கல் ஒட்டிக்கொள்ள ஒரு மட்டமான முகம் தேவை. அந்த முகமே பின்னால் கல்லின் மேசைப் பக்கமாக, அதாவது தட்டையான மேல்முகமுள்ள பக்கமாக, அமையும். இரண்டு மில்லிமீட்டர் கல்லை விரலால் பிடித்து மட்டம் தட்ட முடியாது. ஒரு மரக்குச்சியின் நுனியில் அரக்கை உருக்கி அதில் கல்லைப் பாதி புதைத்துவிட்டு, 1200 எண் சாணையில் நீர் விட்டுச் சில நொடிகள் வைத்தால் போதும். இந்த முகத்தை மெருகேற்றாதீர்கள். பளபளப்பான முகத்தில் பசை வழுக்கும், மங்கலான முகத்தில்தான் பற்றும்.

மட்டம் தட்டிய கல்லை அரக்கிலிருந்து எடுத்து, ஒட்டியிருக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து, சோப்பு நீரில் கழுவி, கடைசியாகச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோன் ஊற்றி அலச வேண்டும் (அசிட்டோன் படக் கூடாத கற்களைப் பற்றிக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்; அவற்றுக்கு இது வேண்டாம்). சாணைத் தூள் கலந்த நீர், விரல் எண்ணெய், அரக்கின் மெல்லிய படலம் ஆகிய மூன்றும் கண்ணுக்குத் தெரியாமலே பிடிமானத்தைக் கெடுப்பவை. பெரிய கல்லில் முகத்தின் ஒரு மூலை அழுக்காக இருந்தாலும் மீதி தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்குவதற்கு மீதி என்று எதுவும் இல்லை.

கிண்ணத்திலிருந்து கல்லை எடுக்கச் சாமணத்தை நம்ப வேண்டாம். சாமணத்தின் இரு நுனிகளுக்கும் இடையில் சற்றே சாய்வாக அகப்பட்ட சிறு கல், அழுத்தியதும் தெறித்துவிடும். பல்குச்சி ஒன்றின் நுனியில் கடுகளவு தேன்மெழுகை உருட்டி வைத்துக்கொண்டு, கல்லின் ஒட்டாத பக்கத்தைத் தொட்டு எடுங்கள். ஒட்டும் முகத்தில் மெழுகு பட்டுவிட்டால் மீண்டும் அசிட்டோனில் அலசுவதைத் தவிர வேறு வழியில்லை. வேலை முழுவதையும் விளிம்பு உயர்ந்த தட்டில், வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் செய்யுங்கள். துணியில் விழும் கல் துள்ளாது.

எதைக் கொண்டு ஒட்டுவது?

அரக்கு, சூப்பர் குளூ, எப்பாக்சி ஆகிய மூன்றும் புழக்கத்தில் உள்ளன. புற ஊதா ஒளியில் இறுகும் பசைகளும் உண்டு. ஆனால் ஒளி கல்லின் ஊடாகப் பசையைச் சென்றடைய வேண்டும் என்பதால், அடர்ந்த நிறமுள்ள கற்களுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

அரக்கு பழைய முறை. அதன் பெரிய நன்மை, கல் சாய்ந்துவிட்டால் சூடாக்கி நேர் செய்துகொள்ளலாம் என்பது. சிறு கல்லுக்குக் கட்டி அரக்கை உருக்கிச் சொட்டுவிடாமல், அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, மெல்லிய தூரிகையால் குச்சி முகத்திலும் கல்லின் முகத்திலும் பூசி, நன்றாகக் காய்ந்த பின் இரண்டையும் சேர்த்துச் சூடாக்குவதே நல்லது. சூட்டைக் கல்லுக்கு நேராகக் காட்டாமல், குச்சியின் தண்டில், நுனியிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளிக் காட்டுங்கள். பித்தளை வழியாகச் சூடு மெல்ல ஏறட்டும். லூப் எனும் சிறு உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டே செய்தால் அரக்கு பற்றும் நொடி தெளிவாகத் தெரியும்: கல்லின் ஓரத்தில் மணிபோல் உருண்டு நின்ற அரக்கு, திடீரென்று தளர்ந்து, கல்லின் பக்கவாட்டில் மெல்லிய சரிவாகப் படர்ந்து ஏறும். அப்படி ஏறினால் அரக்கு கல்லைப் பற்றிவிட்டது என்று பொருள். உருண்டையாகவே நின்று ஆறிவிட்டால், வெளியில் ஒட்டியதுபோல் தோன்றினாலும் உள்ளே பற்றவில்லை. சாணையில் வைத்தவுடன் கழன்றுவிடும்.

எல்லாக் கற்களும் இந்தச் சூட்டைத் தாங்குவதில்லை. ஓபல், ஃப்ளோரைட், அபடைட், டான்சனைட், குன்சைட் ஆகியவற்றுக்குச் சூடு காட்டவே கூடாது. எண்ணெய் நிரப்பிய மரகதத்தில் சூடு பட்டால் எண்ணெய் கசிந்து, மறைந்திருந்த வெடிப்புகள் வெளியே தெரியும். குருந்த வகையைச் சேர்ந்த நீலமும் மாணிக்கமும், உள்வெடிப்பு இல்லாதவரை, அரக்குச் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும்.

சூப்பர் குளூ சூடு வேண்டாதது, விரைவில் பிடிப்பது. நேராக இழுக்கும் விசையை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் விழும் அடியையும் ஓரத்திலிருந்து உரிக்கும் விசையையும் தாங்காது. நீரில் நெடுநேரம் நனைந்தாலும் தளரும். இந்தக் குறைகளை ஈடுகட்டும் வழியைக் கீழே சொல்கிறேன். ஒட்டும் இரு முகங்களும் மட்டமாகப் பொருந்தியிருந்தால் மட்டுமே இதைப் பயன்படுத்துங்கள்; இடைவெளியை நிரப்பும் திறன் இதற்குக் கிடையாது.

எப்பாக்சி இடைவெளியை நிரப்பும், அடியையும் தாங்கும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட, ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொள்ளும் வகை நீரையும் சூட்டையும் நன்றாகத் தாங்குகிறது. அவசரப்பட்டு விரைவு வகையை எடுத்து, மெருகின்போது கல்லை இழப்பதைவிட, மாலையில் ஒட்டி மறுநாள் மாலையில் தொடங்குவது எவ்வளவோ மேல்.

சிறு கற்களுக்கு நான் பின்பற்றும் வரிசை இது: அடிப்பாகத்தை வெட்டும்போது கல்லைத் தாங்கும் முதல் குச்சிக்குச் சூப்பர் குளூ, பிறகு கல்லைத் திருப்பி மேல்பாகத்தை வெட்டும்போது தாங்கும் இரண்டாவது குச்சிக்கு எப்பாக்சி. இரண்டுக்கும் ஒரே பசையைப் பயன்படுத்தினால், முதல் குச்சியை விடுவிக்க முயலும்போது இரண்டாவதும் சேர்ந்து விட்டுவிடும்.

ஒட்டும் முறை

குச்சியை முகம் மேல்நோக்கி இருக்கும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். ஒரு துண்டுத் தகரத்தில் சூப்பர் குளூவை ஒரு சொட்டு விட்டு, தையல் ஊசியின் நுனியால் தொட்டு, ஊசியில் தொற்றிய அளவை மட்டும் குச்சி முகத்தின் நடுவில் வையுங்கள். அது முகம் முழுவதும் மினுமினுப்பாகப் பரவினால் அளவு சரி. விளிம்பைத் தாண்டி வழிந்தால் அதிகம், துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். துடைக்கப் பஞ்சையோ பருத்தித் துணியையோ பயன்படுத்தாதீர்கள். சூப்பர் குளூ பருத்தியில் பட்டால் கடும் சூடு உண்டாகி விரல் பொத்துப்போகும். காகிதமே போதும்.

இப்போது பல்குச்சியின் நுனியில் இருக்கும் கல்லை மேலிருந்து இறக்கி, நடுவில் வைத்து, அசைக்காமல் பதினைந்து நொடிகள் பிடித்திருங்கள். நடு தவறியிருந்தால் தள்ளிச் சரிசெய்யும் ஆசை எழும். தள்ளாதீர்கள். பாதி பிடித்த பசையை நகர்த்தினால் அது உடைந்து, மீண்டும் ஒருபோதும் முழுதாகப் பிடிக்காது. கழற்றி, இரு முகங்களையும் அசிட்டோனில் கழுவி, மறுபடி ஒட்டுவதே குறுக்குவழி.

கல் நடுவில் இருக்கிறதா என்று அறிய, குச்சியைப் பட்டை தீட்டும் கருவியில் பொருத்தி, கல்லின் ஓரத்துக்கு அருகில் ஒரு ஊசி நுனியை அசையாமல் நிறுத்தி, குச்சியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஊசிக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட இடைவெளி கூடிக் குறைவது லூப்பில் தெளிவாகத் தெரியும். 2 மி.மீ. கல்லில் 0.2 மி.மீ. விலகல் என்பது அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. சுற்றியும் அந்த அளவுக்குக் கல்லை வீணாக்க வேண்டியிருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து, பிடிமானத்தைச் சுற்றி ஒரு கழுத்துப்பட்டை கட்ட வேண்டும். கல்லும் குச்சியும் சேரும் மூலையில் ஊசி நுனியால் சூப்பர் குளூவைச் சுற்றிலும் தடவி, உடனே அதன்மேல் சமையல் சோடாவைத் தூவுங்கள். நொடிப்பொழுதில் அது வெள்ளைக் கல்போல் இறுகிவிடும். பக்கவாட்டு அடியைத் தாங்குவதும், பசைக்கு நீர் எட்டாமல் காப்பதும் இந்தப் பட்டைதான். இதைச் செய்யத் தொடங்கிய பிறகு எனக்குக் கற்கள் கழல்வது மிகவும் குறைந்துவிட்டது. ஒட்டுவதில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்ய உங்களுக்கு நேரமிருக்குமானால் இதைத்தான் செய்யச் சொல்வேன். ஆனால் இந்தக் கழுத்துப்பட்டை, கல்லின் இடுப்பு வரப்போகும் உயரத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும். மேலே ஏறினால் சாணை அதையும் சேர்த்து அரைத்து, துளைகள் அடைபட்டு வழுக்கத் தொடங்கும்.

இறுதியாக ஒரு சோதனை. கல்லை நகத்தால் நான்கு பக்கமும் மெல்ல, ஆனால் உறுதியாகத் தள்ளிப் பாருங்கள். கழல்வதானால் இப்போதே, வெள்ளைத் துணியின் மேல் கழலட்டும்.

சாணையில்

பெரிய கல்லுக்குப் பழக்கமான 260, 600 எண் சாணைகளை இங்கே எடுக்கவே வேண்டாம். பெரிய துகள் ஒவ்வொன்றும் சிறு கல்லை அடித்துத் தள்ளும். 1200 எண்ணில் வடிவத்தை வெட்டி, 3000 எண்ணில் சீராக்கி, மெருகுக்குச் செல்லலாம். தட்டின் விளிம்பைவிட மையத்துக்கு அருகில் வேகம் குறைவு என்பதால், உட்பகுதியில், மெதுவான சுழற்சியில் வேலை செய்யுங்கள். கையை அழுத்தவே தேவையில்லை. கருவித் தலையின் எடையே பல நேரங்களில் அதிகமாக இருக்கும், ஆகவே கையால் அதைச் சற்றுத் தாங்கியே இறக்க வேண்டும். ஒரு நொடி தொட்டு எடுங்கள், லூப்பில் பாருங்கள், மீண்டும் தொடுங்கள். மேலே 8, கீழே 8, மேசை ஒன்று என 17 பட்டைகள் கொண்ட எளிய வெட்டு இந்த அளவுக்குப் போதுமானது. 57 பட்டைகளை 2 மில்லிமீட்டரில் அடைத்தால் கல் சாணையைத் தொடும் தடவைகள் மும்மடங்காகின்றன.

கல் கழல்வது பெரும்பாலும் மெருகின்போதுதான். வெட்டும்போது நீர் வழிந்துகொண்டே இருப்பதால் சூடு தங்காது. மெருகுத் தட்டில் ஈரம் குறைவு, உராய்வு அதிகம். சிறு கல்லுக்குச் சூட்டை உள்வாங்கி வைக்கும் பருமன் இல்லை, சூடு நேரே பசைக்குப் போகிறது. மூன்று நான்கு நொடிக்கு மேல் தொடர்ந்து வைக்காமல், எடுத்து ஆறவிட்டு வையுங்கள். மெருகு வரத் தாமதமானால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். 3000 எண்ணில் கீறல்கள் முழுதாகப் போகவில்லை என்பதுதான் வழக்கமான காரணம், அங்கே திரும்பிச் செல்லுங்கள்.

தொடங்கும் முன்பே, நீர்த்தட்டின் வடிகால் துளையில் மெல்லிய வலையைப் பொருத்திவிடுங்கள். கல் பறந்துவிட்டால் நாற்காலியை நகர்த்தாமல் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். தட்டு, வலை, மடியிலுள்ள துணி ஆகியவற்றைப் பார்த்த பிறகே தரைக்கு வாருங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தால், மணலளவு கல்லுக்கும் நீண்ட நிழல் விழும். அந்த நிழலைத்தான் தேட வேண்டும், கல்லை அல்ல.

மறுபக்கத்துக்கு மாற்றுதல்

அடிப்பாகமும் இடுப்பும் முடிந்தபின், கூம்புக் குழியுள்ள இரண்டாவது குச்சிக்குக் கல்லை மாற்ற வேண்டும். அடிப்பட்டைகளை 42 பாகையில் வெட்டியிருந்தால் கல்லின் அடிக்கூம்பு முழுக்கோணமாக 96 பாகை இருக்கும். குழியின் கோணமும் அதற்கு நெருங்கியதாக இருந்தால் பிடிமானம் சுற்றிலும் கிடைக்கும். குழியின் அடியில் ஊசி அளவு துளை ஒன்று இருப்பது நல்லது. கூர்முனை குழியின் அடியில் முட்டி நின்றால், கல் அந்த ஒரு புள்ளியில் தள்ளாடும், முனையும் சிம்பு உடையும்.

இரு குச்சிகளையும் இடமாற்றுச் சட்டத்தில் ஒரே நேர்க்கோட்டில் வைத்து, கூம்புக் குச்சி கீழேயும் கல் மேலேயும் இருக்குமாறு நிறுத்துங்கள். குழியில் எப்பாக்சியைப் பாதிக்குச் சற்றுக் குறைவாக இட்டு, ஊசியால் கிளறிக் காற்றுக்குமிழிகளை வெளியேற்றி, கல்லை மெல்ல இறக்குங்கள். இடுப்பைச் சுற்றிப் பசை சிறு கரையாக எழும்ப வேண்டும், இடுப்பின் மேல் ஏறக் கூடாது. பிறகு 24 மணி நேரம் சட்டத்தைத் தொடாதீர்கள். பசை இறுகியதா என்று அறிய, கலந்து மீந்த பசையைக் குத்திப் பாருங்கள், மூட்டைக் குத்தாதீர்கள்.

முதல் குச்சியை விடுவிக்க, அந்த மூட்டில் மட்டும் பருத்தி நூலைச் சுற்றி அசிட்டோனில் நனைத்து, ஆவியாகாமல் இருக்க அலுமினியத் தாளால் மூடி வையுங்கள். அவ்வப்போது நனைத்துக்கொண்டிருந்தால் சில மணி நேரத்தில் சூப்பர் குளூவும் சோடாப் பட்டையும் நெகிழ்ந்துவிடும். முறுக்கிப் பிடுங்காதீர்கள், நெம்பாதீர்கள். நேராக இழுத்து வராவிட்டால் இன்னும் நேரம் கொடுங்கள். அசிட்டோன் தீப்பற்றக்கூடியது, அருகில் ஸ்பிரிட் விளக்கு எரியக் கூடாது, சன்னல் திறந்திருக்க வேண்டும். எண்ணெயோ பிசினோ நிரப்பிய கற்களிலும், இரண்டு அடுக்காக ஒட்டிய ஓபல்களிலும் அசிட்டோன் படக் கூடாது. அவற்றை அரக்கிலோ சூப்பர் குளூவிலோ ஒட்டத் தொடங்கும் முன்பே கழற்றும் வழியை யோசித்துவிட வேண்டும்.

மேல்பாகம் முடிந்ததும் குச்சியைக் கல் கீழ்நோக்கி இருக்குமாறு, மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனில் நிறுத்துங்கள். எப்பாக்சி கரையாது, உப்பி நெகிழும். ஒன்றிரண்டு நாள் ஆகலாம். கல் தானாகக் குப்பியின் அடியில் விழும். விழுந்த பிறகு, தேநீர் வடிகட்டியில் மெல்லிய துணி விரித்து அதன் வழியாகக் குப்பியைக் கவிழ்த்து, துணியில் நிற்கும் கல்லைப் பல்குச்சி மெழுகால் எடுத்து, சோப்பு நீரில் அலசி, மடித்த காகிதத்தில் வைத்து, அதன்மேல் கல்லின் வகையையும் அளவையும் எந்தக் குச்சியில் வெட்டினீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். அடுத்த கல்லுக்குக் குச்சி தேடும்போது அந்தக் குறிப்பு தேவைப்படும்.